பழைய திங்க்பேட் எக்ஸ்220: இந்தக் கறுப்புப் பெட்டியில் அப்படி என்ன இருக்கு?

நெல்லைக்காரன்:

வணக்கம். எம்.ஏ. தமிழ் ரெண்டாம் வருஷம் படிக்கிறேன். ஆய்வேடு அடிக்க ஒரு லேப்டாப் வேணும், கையில் 10,000 ரூபாய்தான் இருக்கு. கம்பெனிகள் கழிச்சுவிட்ட லேப்டாப் விற்கிற சென்னைக் கடை ஒண்ணுல, அத்தை மகன் ஒரு திங்க்பேட் எக்ஸ்220 பார்த்து வெச்சிருக்கான். "வேற எதையும் பார்க்காதே, இதையே வாங்கு"ன்னு பிடிவாதமா நிக்கிறான். போட்டோ அனுப்பினான். டிபன் பாக்ஸ் மாதிரி மூலை மடிஞ்ச கறுப்புப் பெட்டி. கீபோர்டு நடுவுல சிவப்பா ஒரு பொட்டு வேற. 2011ல் வந்த மாடலாம். இத்தனை வருஷம் கழிச்சும் இதைத் தேடி வாங்குறவங்க இருக்காங்கன்னா ஏதோ காரணம் இருக்கணும். யாராவது வெச்சிருக்கீங்களா? நான் தமிழ்99 விசைப்பலகை அமைப்புலதான் அடிப்பேன், அதுக்குச் சரிவருமா?

ஸ்க்ரூடிரைவர்:

லேப்டாப் சர்வீஸ்தான் நமக்குத் தொழில். வாங்கலாம் தம்பி, ஆனா தெரிஞ்சு வாங்குங்க. விண்டோஸ் 11 இதுல முறைப்படி ஏறாது. இன்டெல் எட்டாம் தலைமுறையில இருந்துதான் அது ஏத்துக்கும், இது ரெண்டாம் தலைமுறை. விண்டோஸ் 10க்கும் 2025 அக்டோபர் 14ஓட ஆதரவு முடிஞ்சுபோச்சு. லினக்ஸ் போட்டுக்குங்க, ஆய்வேடு அடிக்க லிப்ரே ஆபீஸ் போதும்.

பழைய ஹார்ட் டிஸ்க்கோட வந்தா எடுத்துட்டு எஸ்எஸ்டி மாட்டுங்க. ஓரத்துல ஒரே ஒரு ஸ்க்ரூ, கழட்டினா டிஸ்க் அப்படியே வெளிய வந்துரும். 7 மி.மீ. தடிமன் உள்ளதுதான் உள்ள போகும், அளவு பார்த்து வாங்குங்க. வைஃபை கார்டு போச்சுன்னா கண்ட கார்டையும் மாட்டாதீங்க. மெஷினை எழுப்புற பயாஸ்ங்கிற உள் மென்பொருள்ல ஒரு பட்டியல் இருக்கு, அதுல இல்லாத கார்டு போட்டா மெஷின் பூட் ஆகாது. ஐபிஎஸ் திரையான்னு கேளுங்க, அது எந்தப் பக்கம் இருந்து பார்த்தாலும் தெளிவாத் தெரியுற வகை, சாதாரணத் திரை கொஞ்சம் சாய்ச்சாலே வெளுத்துப்போகும்.

வைகைக்கரை:

தம்பி, நான் மதுரையில் பதிப்பகங்களுக்குத் தட்டச்சும் மெய்ப்பும் பார்க்கிறவள். 2015இல் சென்னை ரிச்சி தெருவில் 18,000 ரூபாய்க்கு வாங்கிய எக்ஸ்220இல்தான் இதையும் எழுதிக்கொண்டிருக்கிறேன். நீங்கள் தமிழ்99 என்று எழுதியதைப் பார்த்ததும் பதில் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

டிபன் பாக்ஸ் மாதிரி என்றீர்கள். அது அப்படி இருக்க வேண்டும் என்று நினைத்தே செய்தது. வடிவமைத்தவர் ரிச்சர்ட் சாப்பர். ஜெர்மானியர், இத்தாலியில் மிலான் நகரில் இருந்து வேலை பார்த்தவர். மேசை விளக்கு, காபி போடும் பாத்திரம் என்று வீட்டுச் சாமான்களில் பேர் வாங்கிய மனிதர். ஜப்பானில் மதியச் சாப்பாடு வைக்கும் பென்டோ என்ற பெட்டியை மனசில் வைத்து இதை உருவாக்கினார்கள். மூடியிருக்கும்போது வெறும் கறுப்புப் பெட்டி, திறந்தால்தான் உள்ளே இருப்பது தெரியும். கம்ப்யூட்டர் என்றால் வெளிர்சாம்பல் நிறம் என்றிருந்த காலத்தில், 1992 அக்டோபரில், ஐபிஎம் அதை 700சி என்ற பெயரில் விற்பனைக்கு விட்டது. 10.4 அங்குலக் கலர் திரை, 120 எம்பி டிஸ்க், விலை 4,350 டாலர். திங்க்பேட் என்ற பெயரும் ஒரு குறிப்பேட்டில் இருந்து வந்ததுதான். "திங்க்", அதாவது "யோசி" என்று அட்டையில் போட்ட சின்னக் குறிப்பேடுகளை ஐபிஎம் தன் ஊழியர்களுக்குக் கொடுத்துவந்தது.

இனி அந்தச் சிவப்புப் பொட்டு. அதன் பெயர் டிராக்பாயின்ட். கண்டுபிடித்தவர் டெட் செல்கர். கீபோர்டில் இருந்து கையை எடுத்து மவுஸுக்குக் கொண்டுபோக முக்கால் விநாடி ஆகிறது, திரும்பி வரவும் ஏறக்குறைய அவ்வளவு ஆகிறது என்று 1984இல் ஓர் ஆய்வுக் குறிப்பில் படித்திருக்கிறார். கையை எடுக்கவே வேண்டாமே என்று யோசித்துத்தான் விசைகளுக்கு நடுவே இந்தக் குச்சியை நட்டார். சிவப்பு நிறத்துக்கே ஒரு கதை உண்டு. ஐபிஎம்மில் சிவப்பு என்றால் ஆபத்து நேரத்தில் மெஷினை நிறுத்தும் பொத்தானுக்கு மட்டும்தான். சாப்பர் சிவப்புதான் வேண்டும் என்று நிற்க, ஆவணத்தில் "மெஜந்தா" என்று எழுதிக் காரியத்தை முடித்தார்கள்.

முக்கால் விநாடி என்ன பெரிய நேரம் என்று தோன்றும். நான் மெய்ப்பு பார்க்கிறவள். ஒரு பக்கத்தில் முப்பது இடத்தில் ஒற்று விட்டுப்போயிருக்கும். ஒவ்வொரு இடத்திலும் கர்சரைக் கொண்டுபோய் வைத்து ஒரு எழுத்தை அடித்து அடுத்த இடத்துக்குப் போக வேண்டும். மவுஸ் வைத்திருந்த காலத்தில் சாயங்காலம் ஆனால் வலது மணிக்கட்டு இறுகிப்போய், ராத்திரி சப்பாத்தி மாவு பிசைய முடியாது. இதற்கு மாறி இரண்டு மாதத்தில் அந்த வலி எனக்குப் போய்விட்டது.

தமிழ்99க்கு வருகிறேன். உங்கள் கீபோர்டில் அந்தப் பொட்டு எ, க, ங மூன்றுக்கும் நடுவில் இருக்கும். வலது சுட்டுவிரல் ப மேல் இருக்கும், இடது சுட்டுவிரல் புள்ளி மேல் இருக்கும். வலது விரலைக் க பக்கம் சாய்த்தால் பொட்டு. கர்சர் போய் நின்றதும் வேண்டிய எழுத்தை அடித்து இடது விரலால் புள்ளியைத் தட்டினால் ஒற்று விழுந்துவிடும். கட்டைவிரல் கீழே இருக்கும் கிளிக் பொத்தானில். உள்ளங்கை அசைவதே இல்லை. தமிழை நினைத்து யாரும் இதைச் செய்யவில்லை, ஆனால் தமிழ்99 அடிக்கும் கைக்கு இதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை. என் கீபோர்டில் புள்ளி விசை மட்டும் தேய்ந்து பளபளவென்று இருக்கிறது, சுட்டுவிரலுக்கான சின்ன மேடு தடவினால்தான் தெரியும். மற்ற விசைகளில் எழுத்து அப்படியே இருக்கிறது.

இந்தக் கீபோர்டே இரண்டாவது. முதலாவதின் மேல் 2018இல் ஒரு டம்ளர் டீ கவிழ்ந்தது. திங்க்பேட் கீபோர்டுக்கு அடியில் வடிகால் உண்டு, டீ மேசையில் ஒழுகியது. உடனே பவரை நிறுத்திக் கவிழ்த்து வைத்தேன். மறுநாள் மெஷின் ஓடியது, ஆனால் ஐந்தாறு விசைகள் வேலை செய்யவில்லை. பக்கத்தில் ஒரு கடையில் கொடுத்தேன். மதர்போர்டே போய்விட்டது, புதுசு வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. ஓடுகிற மெஷினுக்கு எப்படி மதர்போர்டு போயிருக்கும்?

இந்த மாடல்களுக்குப் பழுதுபார்க்கும் கையேட்டையே கம்பெனி எல்லோரும் படிக்க இணையத்தில் போட்டிருக்கிறது. எந்த ஸ்க்ரூ எங்கே, எதற்குப் பிறகு எதைக் கழற்ற வேண்டும் என்று படத்தோடு இருக்கும். அதைப் பக்கத்தில் திறந்துவைத்தேன். பெட்டியைத் திருப்பினால் அடியில் சில ஸ்க்ரூக்களின் ஓரத்தில் குட்டிக் கீபோர்டு படம் பொறித்திருக்கும். அவற்றைக் கழற்றி, கீபோர்டைத் திரைப்பக்கம் லேசாகத் தள்ளி, முன்விளிம்பைத் தூக்கினேன். ஒரே ஒரு இணைப்பு. அதை எடுத்துவிட்டுப் புதுசை மாட்டி, அரைமணி நேரத்தில் வேலை முடிந்தது. ஸ்க்ரூடிரைவர் பிடித்துப் பழக்கமில்லாத என்னால் அதைச் செய்ய முடிந்தது. திறக்கிறவர் யாராக இருந்தாலும் அவருக்கு வழி தெரிய வேண்டும் என்று ஒருவர் உட்கார்ந்து யோசித்து அந்தக் குட்டிப் படத்தைப் பொறித்திருக்கிறார் அல்லவா, அந்த மரியாதைக்காகத்தான் எனக்கு இந்தப் பெட்டி மேல் இவ்வளவு பிரியம்.

அந்த யோசனை பெரும்பாலும் ஜப்பானில், ஐபிஎம்மின் யமாட்டோ ஆய்வகத்தில் நடந்தது. அதை நடத்திய அரிமாசா நைட்டோவைத்தான் திங்க்பேட்டின் தந்தை என்கிறார்கள். 2005இல் ஐபிஎம் தன் கணினிப் பிரிவைச் சீனாவின் லெனோவாவுக்கு விற்றபோது (125 கோடி டாலர்) அந்தக் குழுவும் கூடவே போனது. அதனால்தான் பெயர்ப்பலகை மாறினாலும் பெட்டி மாறவில்லை. 1995இல் வந்த 701சி பற்றியும் தேடிப் பாருங்கள். ஜான் கரிடிஸ் என்ற பொறியாளர் செய்தது. மூடியைத் திறந்தால் இரண்டு துண்டாக இருக்கும் கீபோர்டு நகர்ந்து ஒன்றுசேர்ந்து பெட்டியைவிட அகலமாக விரியும், வண்ணத்துப்பூச்சி போல. நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். திங்க்பேட் விண்வெளிக்கும் போயிருக்கிறது. 1993 டிசம்பரில் ஹப்பிள் தொலைநோக்கியைச் சரிசெய்யப் போன எண்டெவர் விண்கலத்தில் ஒரு 750சி இருந்தது.

உங்கள் அத்தை மகன் குறிப்பாக எக்ஸ்220 என்று சொன்னதற்கும் காரணம் இருக்கிறது. எக்ஸ் மாடல்களில் ஏழு வரிசை விசைகள் கொண்ட பழைய கீபோர்டு இதோடு முடிந்தது. 2012இல் வந்த எக்ஸ்230இல் ஆறு வரிசை, விசைகள் தட்டை. எத்தனையோ பேர் வருத்தப்பட்டார்கள். 2017இல் இருபத்தைந்தாம் ஆண்டுக்கென்று வந்த சிறப்பு மாடலில் மட்டும் பழைய கீபோர்டைத் திரும்பக் கொடுத்தார்கள், குறைந்த எண்ணிக்கையில். அது வந்தபோது நான் விலை விசாரித்துப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன்.

நெல்லைக்காரன்:

அக்கா, ரொம்ப நன்றி. சார், உங்களுக்கும். இன்னைக்குக் காலையில அவன் கடைக்கே போய் வீடியோ கால்ல காட்டினான். ஐபிஎஸ் திரை இல்லை, ஆனா கீபோர்டு நல்லா இருக்கு. 8,500 சொல்றாங்க. ஒரே ஒரு பயம், யாரும் தொடாமலே கர்சர் தானா மெதுவா ஒரு பக்கம் நகர்ந்துச்சு. பொட்டு கெட்டுப்போச்சா? அதோட லினக்ஸ்ல தமிழ்99 வருமா?

ஸ்க்ரூடிரைவர்:

7,500க்குக் கேளுங்க. பேட்டரி பழசுன்னு சொல்லிக் குறைக்கச் சொல்லுங்க, எப்படியும் அதை மாத்தத்தான் போறீங்க. லினக்ஸ்ல ஐபஸ்ங்கிற தட்டச்சு மென்பொருள் வழியா தமிழ்99 வரும்.

வைகைக்கரை:

கெட்டுப்போகவில்லை தம்பி. பொட்டை ஒரே பக்கம் கொஞ்ச நேரம் அழுத்திக்கொண்டே இருந்தால், அந்த அழுத்தத்தையே அது நடுநிலை என்று எடுத்துக்கொள்ளும். விரலை விட்டதும் கர்சர் எதிர்ப்பக்கம் நகரும். அப்போது விரட்டிப் பிடிக்காதீர்கள். கையை எடுத்துவிட்டுச் சில விநாடி சும்மா இருங்கள், தானே நின்றுவிடும். நிற்கவே இல்லை என்றால்தான் கீபோர்டை மாற்ற வேண்டியிருக்கும். கடையை விட்டுக் கிளம்புவதற்கு முன் அதை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள்.

மேலே இருக்கும் ரப்பர் தொப்பி வழவழப்பாகத் தேய்ந்திருந்தால் விரல் வழுக்கும். அது தனியாகக் கிடைக்கும், பழசை மேலே இழுத்தால் கழன்று வரும். சொரசொரப்பு வகையைக் கேட்டு வாங்குங்கள். முதல் ஒரு வாரம் கர்சர் சொன்ன இடத்தில் நிற்காது, அதற்குள் மவுஸை மாட்டிவிடாதீர்கள். ஆய்வேடு எதைப் பற்றி?