பேச்சு நாடகத்திலிருந்து இசை நாடகத்துக்கு: சங்கீதக் கல்லூரியா, நேரே மேடையா?

கொழிஞ்சாம்பாறை அத்தை:

என் அண்ணன் மகளுக்காக எழுதுகிறேன். வயது 23. திருச்சூர்ப் பக்கத்து மலையாள நாடகக் குழு ஒன்றில் நடிக்கிறாள். ஓணம் முடிந்து கிளம்பினால் மழைக்காலம் தொடங்கும்வரை கோயில் திருவிழா, பெருநாள் என்று மேடை மேடையாகப் போகிறார்கள். நடிப்பில் யாரும் அவளைக் குறை சொன்னதில்லை. ஆனால் பாட்டு வரும் இடத்தில் ஒலிப்பதிவுக்கு வாயசைக்க வேண்டும். அதை அவளால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

போன பங்குனியில் பழனிப் பக்கம் உறவினர் ஊரில் வள்ளி திருமணம் பார்த்தாள். விடியும்வரை இடத்தைவிட்டு எழுந்திருக்கவில்லை. அன்று முதல் இசை நாடகத்துக்குத்தான் போவேன் என்று பிடிவாதமாக நிற்கிறாள். நல்ல குரல்தான், ஆனால் முறையாகப் பாட்டுக் கற்றதில்லை. பாலக்காடு செம்பை நினைவு இசைக் கல்லூரியில் படித்து முடித்துவிட்டு எங்கே வேண்டுமானாலும் போகட்டும் என்கிறார் அண்ணன். திண்டுக்கல் பக்கம் கதாநாயகி வேடம் கட்டும் மூத்த ஸ்திரீபார்ட் அம்மா ஒருவரிடம் தங்கி மேடையிலேயே கற்றுக்கொள்வேன் என்கிறாள் அவள். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பெட்டி வாத்தியார்:

அம்மா, வள்ளி திருமணம் போன்ற இசை நாடகங்களை நாங்கள் ஸ்பெஷல் நாடகம் என்போம். அவற்றுக்கு ஆர்மோனியம் வாசிப்பதுதான் என் பிழைப்பு. பிள்ளை சொல்வதே சரி.

ஸ்பெஷல் நாடகத்தில் கம்பெனி கிடையாது, மாதச் சம்பளம் கிடையாது, ஒத்திகை கிடையாது. கதாநாயகனான ராஜபார்ட் புதுக்கோட்டையிலிருந்து வருவார், ஸ்திரீபார்ட் மதுரையிலிருந்து, கோமாளியான பபூன் மணப்பாறையிலிருந்து. ஒப்பனை போடும்போதுதான் சில நேரம் ஒருவர் முகத்தை ஒருவர் முதன்முதலாகப் பார்ப்பார்கள். இரவு பத்து மணிக்குத் தொடங்கினால் விடியும்வரை நாடகம் தட்டாமல் நடக்கிறது. சங்கரதாஸ் சுவாமிகள் எழுதி வைத்த பாடம் எல்லோர் நெஞ்சிலும் ஒன்றுபோல் பதிந்திருப்பதால்தான் இது முடிகிறது. அவர் மறைந்தது 1922-இல். இன்றும் வள்ளியும் பவளக்கொடியும் அவர் போட்ட தடத்தில்தான் நடக்கிறார்கள்.

கல்லூரியில் தம்புராவின் முன் உட்கார்ந்து, சுருதியைக் காதில் வாங்கி, தொண்டையைச் சரிசெய்துகொண்டு பாடலாம். மேடையில் அதற்கு ஏது நேரம்? நாரதர் கேள்வி கேட்டுவிட்டு நிற்கிறார். வள்ளி பதில் வசனத்தைப் பேசிக்கொண்டே வருகிறாள். வசனத்தின் கடைசிச் சொல்லை நீட்டும்போது அது என் ஆர்மோனியப் பெட்டியின் ஆதார சுரமான சட்ஜத்தில் வந்து உட்கார வேண்டும். அடுத்த மூச்சில் பல்லவி. முன்கூட்டியே நான் கட்டையை அழுத்திக் காட்டினால் வசனத்தின் சூடு ஆறிவிடும். பேச்சிலிருந்து பாட்டுக்குத் தாவும் அந்த ஒரு நொடிதான் இசை நாடகம். கச்சேரி வித்வான்கள் பலர் அந்த இடத்தில் தடுமாறி நான் பார்த்திருக்கிறேன். வசனத்தின் ஏற்ற இறக்கம் தெரிந்த நடிகைக்கு அது சீக்கிரம் கைவரும். உங்கள் பிள்ளைக்கு அந்தக் கைமுதல் இருக்கிறது.

கல்பாத்தி டீச்சர்:

ஐயா, உங்கள் அனுபவத்துக்கு வணக்கம். ஆனால் ஒரு பெண்ணின் தொண்டையை வைத்துச் சோதனை செய்யச் சொல்கிறீர்கள்.

சுருதியின் உயரத்தைக் கட்டைக் கணக்கில் சொல்வோம். கச்சேரியில் பெண்கள் பெரும்பாலும் ஐந்து கட்டையை ஒட்டிப் பாடுகிறார்கள். ஆண்கள் ஒன்று, ஒன்றரை, மிஞ்சினால் இரண்டு. நாடகத்திலோ ஆணும் பெண்ணும் ஒரே பாட்டை மாறி மாறிப் பாட வேண்டும். இருப்பது ஒரே பெட்டி, ஒரே சுருதி. யாரோ ஒருவர் தன் குரலுக்கு ஒவ்வாத இடத்தில் நின்று பாடியாக வேண்டும். ராஜபார்ட் பேர் எடுத்தவர் என்றால் அவர் சொன்ன கட்டைதான். புதிதாக வந்த பெண்ணுக்கு அங்கே பேச வாயிருக்காது. மந்தர ஸ்தாயியில் அமுங்கிப் பாடுவாள், இல்லாவிட்டால் தார ஸ்தாயியில் கத்துவாள். மூச்சை வயிற்றிலிருந்து எடுக்கப் பழகாதவள் இரவு முழுக்க இப்படிக் கத்தினால் குரல் நாண்களில் காய்ப்பு விழும். கம்மிய குரலோடு என்னிடம் வந்தவர்கள் உண்டு. பால பாடமான ஸரளி வரிசையிலிருந்து திரும்பத் தொடங்கியும் சிலருக்குப் பழைய குரல் மீளவில்லை.

முதலில் கல்லூரி, அல்லது ஒரு நல்ல குரு. பிறகு மேடை.

பண்பொழி வாசி:

டீச்சர் அக்கா, எங்கள் செங்கோட்டையில் பிறந்த நாடகப் பாடகர் கிட்டப்பாவை எப்படி மறந்தீர்கள்? 1956 நவம்பர்வரை திருவிதாங்கூர்ச் சீமையாக இருந்த ஊர் அது. அவர் எந்தச் சங்கீதக் கல்லூரியில் படித்தார்? சிறுவனாக மேடையேறி மேடையிலேயே வளர்ந்தவர். உச்சச் சுருதியில் மைக் இல்லாமல் பாடினார். அதனால்தான் கே. பி. சுந்தராம்பாளோடு அவர் சேர்ந்து பாடியபோது நீங்கள் சொல்லும் சுருதிச் சிக்கல் எழவில்லை. பெண்ணின் உயரத்துக்கு ஆண் ஏறி வந்து பாடினார்.

சுந்தராம்பாள் அம்மாள் மட்டும் என்ன? கொடுமுடியில் பிறந்து, வறுமையில் ரயிலில் பாடிக்கொண்டிருந்த குழந்தை. நாடகக் கலைஞர் எஃப். ஜி. நடேச ஐயர் கண்ணில் பட்டு நாடகத்துக்கு வந்தார். 1935-இல் வந்த நந்தனார் படத்துக்கு அவர் வாங்கிய ஊதியம் ஒரு லட்சம் ரூபாய். மேடை கொடுத்த குரலுக்குக் கிடைத்த விலை அது.

கல்பாத்தி டீச்சர்:

தம்பி, நீங்கள் சொன்ன இருவரும் குழந்தையிலேயே மேடையேறியவர்கள். பால பார்ட்டில் தொடங்கி, நாள்தோறும் பாடிப் பாடி, குரல் உடையும் வயதையும் மேடையிலேயே கடந்தவர்கள். சங்கரதாஸ் சுவாமிகளின் பாலர் சபையே ஒரு குருகுலம்தான். அதிகாலையில் குரல் பழக்கும் சாதகமும் பாடமும் இல்லாமலா பையன்களை மேடையேற்றினார்கள்? இந்தப் பெண்ணுக்கு 23 வயது. அவர்களுக்கு ஏழெட்டு வயதில் கிடைத்தது இவளுக்கு இனிமேல்தான் கிடைக்க வேண்டும். கரை ஏறியவர்களின் பெயரைத்தான் நாம் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறோம். குரல் போய் வீட்டோடு முடங்கிய ஸ்திரீபார்ட்டுகளின் பெயர் யாருக்குத் தெரியும்?

நகரிக்காரன்:

எங்கள் ஆந்திர எல்லையிலிருந்து ஒரு வார்த்தை. கடப்பைப் பக்கத்துச் சுரபி கிராமத்தில் 1885-இல் தொடங்கிய சுரபி நாடகக் குடும்பங்கள் இன்றும் ஆடுகின்றன. பெண் வேடத்தைப் பெண்களே கட்டிய குடும்பங்கள் அவை. பிள்ளைகள் கிருஷ்ணனாகவும் பிரகலாதனாகவும் மேடைக்கு வந்து அங்கேயே வளர்ந்துவிடுகிறார்கள். டீச்சர் சொல்வது போல அதுவும் குருகுலம்தான். அந்தக் குருகுலம் மேடைமேலேயே நடக்கிறது என்பதை மறக்கக் கூடாது. ஒத்திகைக் கூடத்தில் பாடி முடித்துவிட்டு வருபவர்களுக்குத் செய்யுளைப் பாடி நடிக்கும் தெலுங்குப் பத்திய நாடகத்தின் கூட்டம் ஒன்ஸ்மோர் சொல்வதில்லை.

திருச்சூர் அரங்கம்:

நான் வடகரப்பதிக்காரன், திருச்சூரில் ஒளியமைப்பு செய்கிறேன். இரண்டு பக்கமும் மதுரையை நோக்கியே பேசுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது. தமிழ் நாடகக் கம்பெனிகள் மலையாள நாட்டில் சுற்றியதால்தான் மலையாள சங்கீத நாடகமே பிறந்தது. செபாஸ்டியன் குஞ்ஞுகுஞ்ஞு பாகவதரும் யேசுதாஸின் தந்தை அகஸ்டின் ஜோசப்பும் பாடி நடித்தவர்கள். கே.பி.ஏ.சி. நாடகக் குழுவின் சுலோசனா மேடையில் பாடியபடியே நடித்தார். 1952-இல் அரங்கேறிய அந்தக் குழுவின் ‘நிங்ஙளென்னெ கம்யூனிஸ்டாக்கி’ நாடகம் ஊர் ஊராகப் போனதில் அந்தப் பாட்டுகளுக்குப் பெரிய பங்கு உண்டு. பிறகுதான் ஒலிப்பதிவு வந்து நடிகர் வாயைப் பூட்டியது.

அந்தப் பூட்டை இங்கேயே உடைக்க வேண்டாமா? கோழிக்கோடு பல்கலைக்கழகத்தின் நாடகப் பள்ளி திருச்சூரில் இருக்கிறது. ஜி. சங்கரப் பிள்ளை தொடங்கிய பள்ளி. நம் நாடக இயக்குநர் சே. இராமானுஜம் அங்கே பாடம் நடத்திவிட்டுத்தான் தஞ்சைக்குப் போனார். அங்கே படித்தால் குரலுக்கும் பயிற்சி, உடம்புக்கும் பயிற்சி. ஸ்பெஷல் நாடகத்தில் முன்மேடை மைக்கை விட்டு இரண்டடி நகர்ந்தால் பாட்டு கேட்காது. முழு மேடையிலும் நடந்து நடிக்கப் பழகிய பெண்ணை ஒரு மைக்கின் முன்னால் நட்டுவைக்கச் சொல்கிறீர்கள். அவள் கற்றதில் பாதியை அங்கே மறக்க வேண்டியிருக்கும்.

பெட்டி வாத்தியார்:

தம்பி, மைக் முன்னால் நிற்பது குறைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அங்கே நின்றபடியே கண்ணாலும் கையாலும் ஆயிரம் பேரைக் கட்டிப்போடும் வள்ளிகள் இருக்கிறார்கள். நாடகப் பள்ளியில் படித்து முடித்தபின் அவள் பாட எந்த மேடை இருக்கிறது என்று மட்டும் சொல்லுங்கள்.

பழைய வள்ளி:

எல்லோரும் குரலைப் பற்றியே பேசுகிறீர்கள். வள்ளியாகவும் சாவித்திரியாகவும் காலம் கழித்தவள் நான். அந்தப் பிள்ளைக்கு நேராகவே சொல்கிறேன்.

மகளே, குரலைக் காட்டிலும் உனக்கு முதலில் வேண்டியது தமிழ். தர்க்கம் என்று ஒன்று இருக்கிறது. நாரதர் முருகன் புகழைச் சொல்லி மடக்குவார், நீ திருப்பி மடக்க வேண்டும். அவர் திருப்புகழில் ஓர் அடி எடுத்தால் நீ குறளில் ஒன்று எடுக்க வேண்டும். இன்று எந்தப் பக்கம் போவார் என்று முன்னால் தெரியாது. சளைக்காத நாரதர் கிடைத்தால் ஒரு மணி நேரமும் தாண்டும். ஊர்ப் பெரியவர்கள் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பதே அதற்குத்தான். நீ அங்கே வாயடைத்து நின்றால் அடுத்த வருடம் அந்த ஊர் உன்னைக் கூப்பிடாது. பாட்டில் ஒரு சங்கதி பிசகினால் மன்னிப்பார்கள், தர்க்கத்தில் தோற்றால் மன்னிக்க மாட்டார்கள். நான் என் ஆசிரியையின் நோட்டை வரிவரியாக என் கையால் பார்த்து எழுதித்தான் பாடம் செய்தேன். அச்சுப் புத்தகத்தில் பாட்டு கிடைக்கும், எந்தக் கேள்விக்கு எந்தப் பதில் கூட்டத்தைத் தூக்கும் என்பது அந்த நோட்டில்தான் இருந்தது. டீச்சரம்மா, இதை எந்தக் கல்லூரி சொல்லிக் கொடுக்கும்?

இரண்டாவது, யாராவது ஏஜெண்டு, “முதலில் டான்ஸ் பார்ட்டில் வா, பிறகு கதாநாயகி ஆக்குகிறேன்” என்று சொன்னால் ஒப்புக்கொள்ளாதே. பபூனோடு ஆடும் பெண்ணைக் கூட்டம் பார்க்கும் பார்வை வேறு, கொடுக்கும் பணமும் மரியாதையும் வேறு. ஒரு முறை அந்த வரிசையில் பெயர் எழுதிவிட்டால் ஸ்திரீபார்ட் தேதி கிடைப்பது பெரும்பாடு. அந்த வேடத்தில் உழைக்கும் பெண்களை நான் குறைத்துச் சொல்லவில்லை. அவர்களை அந்த இடத்திலேயே நிறுத்திவைக்கும் வழக்கத்தைச் சொல்கிறேன்.

மூன்றாவது, வீட்டாருக்கு. பங்குனி, சித்திரையில் தூங்க நேரமிருக்காது. ஐப்பசி, கார்த்திகை மழையில் கை காய்ந்துவிடும். நாடகம் முடிந்து ஒப்பனையைக் கலைத்துவிட்டு, விடியற்காலையில் தெரியாத ஊரில் முதல் பஸ்ஸுக்காக நிற்கும்போது, இரவெல்லாம் கைதட்டிய அதே வாய்கள் பேசும் பேச்சையும் காதில் வாங்க வேண்டும். அதனால் குரு யார் என்பதைவிட யார் வீட்டில் தங்குகிறாள், யாரோடு போய் வருகிறாள் என்று பாருங்கள். அது சரியாக அமைந்தால் அனுப்புங்கள். அமையாவிட்டால் கல்லூரிப் பட்டம் இருந்தாலும் அனுப்பாதீர்கள்.

கல்பாத்தி டீச்சர்:

அம்மா, தர்க்கத்தைக் கல்லூரி சொல்லிக் கொடுக்காது, உண்மை. ஆனால் தர்க்கத்தில் வென்ற பிறகும் வள்ளி பாட வேண்டுமே. இரவு மூன்று மணிக்கு அவளுக்குக் குரல் மிச்சமிருக்க வேண்டும் என்பதுதான் என் கவலை.

வண்ணாமடை:

அத்தை எழுதியது என்னைப் பற்றித்தான். எல்லோருக்கும் வணக்கம்.

நான் வசதியான வழியைத் தேடவில்லை. என் குழுவில் ஒரு காட்சி. குழந்தையை இழந்த தாய் நான். அழுதுகொண்டே பேசுவேன், பேச்சு உடையும் இடத்தில் பதிவு செய்த பாட்டு வேறொருவர் குரலில் தொடங்கும். அந்த நொடியில் நான் மேடையில் இல்லாமல் போகிறேன். என் உடம்பு மட்டும் அங்கே நிற்கிறது. பழனிப் பக்கம் அந்த வள்ளி வசனத்திலிருந்து பாட்டுக்கு ஏறியபோது, எனக்கு மறுக்கப்பட்டது இதுதான் என்று புரிந்தது. பெட்டி வாத்தியார் ஐயா சொன்ன அதே இடம்.

திருச்சூர் அண்ணா, அந்தப் பூட்டை உடைக்க எனக்கும் ஆசை. முதலில் பாடி நடிக்கத் தெரிய வேண்டும். அதைத் தெரிந்தவர்கள் இருக்கும் இடத்துக்குத்தான் போகிறேன். இந்தப் பருவத்து நாடகங்கள் முடிந்ததும் வைகாசியில் திண்டுக்கல் அம்மாவிடம் போகிறேன். அவர் வீட்டில் அவருடைய மகளும் பேத்திகளும் இருக்கிறார்கள். காலையில் பாலக்காட்டில் அமிர்தா எக்ஸ்பிரஸ் ஏறினால் திண்டுக்கல்லில் இறங்கிவிடலாம் என்று சொல்லி அப்பாவைச் சமாதானம் செய்துகொண்டிருக்கிறேன். தமிழ் எழுதப் படிக்க நன்றாகவே வரும். இப்போதே குறளும் திருப்புகழும் மனப்பாடம் செய்கிறேன்.

கல்பாத்தி டீச்சர்:

மகளே, என் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. இரண்டு வருடமாவது சாதகம் செய்யாமல் விடிய விடியப் பாடும் மேடைக்குப் போவது தவறு என்றே சொல்கிறேன். போவதென்று முடிவு செய்துவிட்டாய் என்றால் அதற்கு முன் ஒரு முறை வீட்டுக்கு வா. உன் இயல்பான சுருதி எது என்று பார்த்துச் சொல்கிறேன். தெரியாமல் எவர் கட்டையிலும் பாடாதே.

பெட்டி வாத்தியார்:

டீச்சர் சொன்னதை இந்த ஒன்றில் நான் மறுக்க மாட்டேன். பிள்ளை, ஒப்பனைக்கு உட்காருவதற்கு முன் பெட்டிக்காரரைத் தேடிப் போய் உன் கட்டையைச் சொல். ராஜபார்ட்டோடு பாடும் பாட்டுகளுக்கு அவர் கட்டை என்றாலும், தினைப்புனத்தில் வள்ளி பறவை விரட்டி ஆலோலம் பாடும் இடத்திலும் நீ தனித்துப் பாடும் மற்ற இடங்களிலும் உன் கட்டைக்கு வாசிக்கலாம்.

கல்பாத்தி டீச்சர்:

பெட்டியில் கட்டையை மாற்றிவிடுவீர்கள். மிருதங்கம்? அது ஒரு சுருதிக்குச் சேர்த்து வைத்த வாத்தியம். நடுநாடகத்தில் வார் இழுத்துக்கொண்டிருக்க முடியுமா?

பெட்டி வாத்தியார்:

இரண்டு மிருதங்கம் கொண்டுவருபவர்கள் இருக்கிறார்கள், டீச்சர். ஒன்று ராஜபார்ட் கட்டைக்கு, மற்றொன்று ஸ்திரீபார்ட் கட்டைக்கு. அப்படிப்பட்டவரை அழைக்கச் சொல்லி ஏஜெண்டிடம் தேதி கொடுக்கும்போதே கேட்க வேண்டும். புதிதாக வருபவள் கேட்டால் முகம் சுளிப்பார்கள். அதனால் முதல் வருடம் அவளுக்காக அந்தத் திண்டுக்கல் அம்மா கேட்கட்டும்.