ஜப்பானிலிருந்து பழைய லென்ஸ் வாங்கலாமா?

நண்பர்களே, ஈபே ஏலத் தளத்தில் ஒரு பழைய கேமரா லென்ஸைப் பார்த்து வைத்திருக்கிறேன். விற்பவர் ஜப்பானில் இருக்கிறார். விலை பரவாயில்லை, ஆனால் அனுப்பும் செலவு, சுங்க வரி எல்லாம் சேர்ந்தால் கட்டுப்படியாகுமா? படத்தைப் பெரிதாக்கினால் கண்ணாடி ஓரத்தில் மெல்லிய வலைபோல ஏதோ தெரிகிறது. பூஞ்சையா, வெறும் தூசியா? குறிப்பில் ஒரு வார்த்தை இல்லை.

வேறொருவர் இன்னும் மலிவாகத் தருகிறாராம், ஆனால் பணத்தைத் தளத்துக்கு வெளியே அனுப்பச் சொல்கிறார். அப்புறம் வாங்குபவர் பாதுகாப்பு ஏது? அவருக்குக் கும்பிடு போட்டுவிட்டேன்.

கார்டில் கட்டும்போது விற்பவர் விலை போட்ட நாணயத்திலேயே கட்டுவது லாபமா, தளம் நம் நாணயத்துக்கு மாற்றிக் காட்டும் தொகையா? பழுதாக வந்தால் திருப்பி அனுப்பும் செலவு யார் தலையில் விழும்? வாங்கிப் பழகியவர்கள் சொல்லுங்கள், ஞாயிறு இரவு ஏலம் முடிகிறது.