தத்தெடுப்பு ஹோம் ஸ்டடியில் "பங்காளிகள் ஏத்துக்குவாங்களா?" என்று கேட்டால்?

பள்ளத்தூர்க்காரர்:
பிள்ளை தத்தெடுக்க காரா (மத்திய அரசின் தத்தெடுப்பு அமைப்பு) தளத்தில் பதிந்து ஆவணங்களும் ஏற்றியாயிற்று. அடுத்த வாரம் ஹோம் ஸ்டடிக்கு, அதாவது எங்களையும் வீட்டையும் பார்த்து அறிக்கை எழுத, சமூகப் பணியாளர் வருகிறார். வளவு வீடு (முற்றத்தைச் சுற்றிப் பல குடும்பங்கள் இருக்கும் செட்டிநாட்டு வீடு), பங்காளிகளும் கூடவே. சொந்தபந்தம் பற்றி நிறையக் கேட்பார்களாமே, என்ன சொன்னால் சரி?

கண்டனூர் ஆச்சி:
"என்ன சொன்னால் சரி" என்று போனால்தான் சிக்கல், தம்பி. கணவன் மனைவி இருவரையும் சேர்த்து வைத்தும் கேட்பார்கள், தனித்தனியாகவும் கேட்பார்கள். மனப்பாடம் பண்ணிய பதில் ரெண்டு வாயிலும் ஒரே சொல்லாக வந்தால் தெரிந்துவிடும். கருத்து வேறுபாடு குற்றமில்லை, இருந்தால் இருக்கிறது என்று சொல்லலாம்.

"எல்லாரும் ஏத்துக்குவாங்க" என்றால் அடுத்த கேள்வி, "அவங்ககிட்ட பேசினீங்களா?" முன்னாடியே பேசிவிடுங்கள். நம்ம நகரத்தார் பக்கம் பிள்ளை கூட்டுவது (தத்தெடுப்பது) பழசு, ஆனால் அது ஒரே கோயில் பங்காளி வீட்டுப் பிள்ளை. 1956 இந்து தத்தெடுப்புச் சட்டப்படி சொந்தத்துக்குள் கூட்ட இந்த ஹோம் ஸ்டடி கிடையாது, அதனால்தான் பெரியவர்கள் "எதுக்கு இத்தனை கேள்வி" என்பார்கள். நாளைக்குக் கல்யாணமானால் கோயிலில் புள்ளி (கோயில் கணக்கில் கல்யாணமான தம்பதி ஒரு புள்ளி) சேர்ப்பார்களா என்பதுதான் அவர்கள் மனசில் ஓடும். "இன்னும் கேட்கலை. சேர்க்காவிட்டாலும் எங்க பேரும் சொத்தும் அந்தப் பிள்ளைக்குத்தான்" என்பது நல்ல பதில். மழுப்பல்தான் கெடுக்கும்.

தேவகோட்டை ரஸ்தா:
நிஜமாகக் குடியிருக்கும் வீட்டைத்தான் பார்ப்பார்கள். வேலை சென்னையில், ஆதார் விலாசம் ஊரில் என்றால் பிள்ளை எங்கே வளரும் என்பதை முதலிலேயே தெளிவாக்குங்கள். கிணற்றுக்குக் கம்பி மூடி, மெத்தைக்கு (மாடிக்கு) ஏறும் செங்குத்துப் படிக்குக் கதவு, இரண்டும் போட்டுவிடுங்கள். பொம்மை அறை வேண்டாம், எங்கே தூங்கும், பகலில் யார் பார்ப்பார் என்று சொன்னால் போதும். நகைக்கடனை மறைக்க வேண்டாம். அறிக்கை 3 ஆண்டு செல்லும்.

பள்ளத்தூர்க்காரர்:
தத்தெடுத்ததைப் பிள்ளையிடம் எப்போது சொல்வீர்கள் என்று கேட்டால், ஆச்சி?

கண்டனூர் ஆச்சி:
பேச்சு புரியும் முன்னாடியிருந்தே என்று சொல்லுங்கள். "விவரம் தெரிஞ்சதும்" என்பதுதான் பலரும் சறுக்கும் இடம். வளவு வீட்டில் ரகசியம் தங்குமா? ஏதாவது ஒரு கல்யாணப் பந்தியில் யாராவது உளறிவிடுவார்கள், கேள்வி கேட்பவர்கள் பயப்படுவது அதற்குத்தான். தூங்கவைக்கும்போது "ஒன்னைக் கூட்டிட்டு வந்த அன்னைக்கு..." என்று கதையாகவே ஆரம்பிக்கலாம். பெற்றவர்களைத் தேட வேண்டுமென்றால் 18 வயதுக்குப் பிறகு பிள்ளை தானே விண்ணப்பிக்கலாம், அதற்கு முன் உங்களோடு சேர்ந்து. "அதுக்கு விடமாட்டோம்" என்று வாய் தவறியும் சொல்லாதீர்கள். பிள்ளை வந்த பிறகும் 2 வருடம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்க்க வருவார்கள். இன்றைக்குச் சொன்னது அன்றைக்கும் கேட்கப்படும்.