வயர்லெஸ் ஸ்டேக் காலை வாரிய இடங்கள்: கிருஷ்ணகிரி, தருமபுரி நண்பர்கள் எழுதுங்கள்

ஓசூர்_பலகை

தளி சாலையில் ஒரு ரோஜா பாலிஹவுஸ். வெப்பநிலையும் ஈரப்பதமும் பார்க்கும் பி.எல்.இ. (குறைந்த மின்சாரத்தில் ஓடும் புளூடூத்) கருவிகளைப் பொருத்தியிருந்தோம். பேட்டரி நீடிக்க வேண்டும் என்று கனெக்‌ஷன் இடைவெளி (ஒருமுறை பேசிவிட்டு அடுத்துப் பேசும் வரை தூங்கும் நேரம்) 4 விநாடி, பி.எல்.இ.யில் அதுதான் உச்சம் என்பது உங்களுக்குத் தெரிந்ததே. எல்லாம் ஒழுங்காக ஓடியது. மதியம் பனிபோல் நீர் தெளிக்கும் ஃபாகரைப் போட்டால் மட்டும் கருவிகள் ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டன.

எனக்கு மறக்காதது இதுதான். பூக்கூடையைக் கவிழ்த்து, அதன்மேல் லேப்டாப்பை வைத்து லாக் பார்த்துக்கொண்டிருக்கிறேன். சிக்னல் அளவு மைனஸ் 60, மைனஸ் 61, மறுபடி மைனஸ் 60. அடுத்த வரி: துண்டிப்பு, காரணம் 0x08. அதாவது டைம்அவுட், மறுமுனையின் குரல் குறித்த நேரத்துக்குள் வரவில்லை. தேய்ந்து தேய்ந்து போகவில்லை. நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவர் பட்டென்று போனை வைத்தது போல. தோட்டக்காரர் பின்னால் நின்று, "உங்கள் பெட்டிக்குத் தண்ணீர் ஆகாதோ, சார்?" என்கிறார். வேலையாட்கள் சிரிக்கிறார்கள்.

ரேடியோ மாட்யூலோடு ஸ்டேக்கையும் (ரேடியோவை ஓட்டும் மென்பொருள்) பைனரியாக, அதாவது நாம் திறந்து மாற்றமுடியாத வடிவில், கொடுத்தவர்கள் ஈரம்தான் காரணம் என்று எழுதிவிட்டார்கள். என் மனம் ஒப்பவில்லை.

பென்னாகரத்தான்

என்னுடையது லோராவேன், நெடுந்தூரம் எட்டும் வயர்லெஸ் வகை. மேல்நிலைத் தொட்டியில் நீர்மட்டம் அளக்கும் கருவி. பேட்டரி மாற்றிய பிறகு நெட்வொர்க்கில் சேரவே இல்லை. கருவி ஜாயின் (சேர அனுமதி) கேட்கிறது, அதை வாங்கி சர்வருக்கு அனுப்பும் கேட்வேக்கும் அது காதில் விழுகிறது, சர்வர் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது.

லோராவேன் 1.0.4 பதிப்பில் டெவ்நான்ஸ் என்பது ஒவ்வொரு ஜாயினுக்கும் ஒன்று கூடவேண்டிய எண். மின்சாரம் போனாலும் அழியாத இடத்தில் அதை எழுதி வைக்கவேண்டும். எங்களுக்கு வந்த ஸ்டேக் அதை ரேமில் வைத்திருந்தது. பேட்டரியைக் கழற்றினால் எண் மறுபடி சுழியத்திலிருந்து தொடங்கும். பழைய எண் என்று சர்வர் தள்ளிவிடும்.

வேடிக்கை என்னவென்றால், கருவியைச் சும்மா விட்டிருந்தாலே போதும். கேட்டுக் கேட்டு எண் ஏறி, பழைய எண்ணைத் தாண்டியதும் தானே சேர்ந்துவிடும். ஆனால் தொட்டி ஆபரேட்டர் அக்கறையான மனிதர். விளக்கு எரியவில்லை என்றால் உடனே ஏணியில் ஏறுவார்; பேட்டரியைப் பிடுங்கி, வேட்டி நுனியில் துடைத்து, மறுபடி செருகுவார். எண் மறுபடியும் சுழியம். கீழே இறங்கி என்னைப் பார்த்து, "இப்போது பாருங்கள் தம்பி" என்பார். அந்த முகத்தைப் பார்த்துவிட்டு, "தொடாதீர்கள் ஐயா" என்று எப்படிச் சொல்வது?

அனலாக்_அண்ணன்

ஓசூர்_பலகை தம்பி, ஈரம்தான். சந்தேகமே வேண்டாம். ராயக்கோட்டைப் பக்கம் ஒரு மாந்தோப்பில் பார்த்தேன்: மழை பெய்த மறுநாள் காலையில் பாதிக் கருவிகள் பேசாது, வெயில் ஏறியதும் பேசும். ஆன்டெனா மேல் தண்ணீர் படிந்தால் அதன் அதிர்வெண் நகர்ந்துவிடும், அவ்வளவுதான். உறையை மாற்றுங்கள். சர்க்யூட் பலகையில் ஆன்டெனாவைச் சுற்றிச் செம்பு இல்லாத இடம் விட்டிருக்கிறீர்களா?

பென்னாகரத்தாருக்கும் ஒன்று. எண்ணை ஃபிளாஷில் (மின்சாரம் போனாலும் அழியாத நினைவகம்) எழுதுகிறேன் என்று ஒவ்வொரு தடவையும் ஒரே பக்கத்தை அழித்து எழுதாதீர்கள். நோர்டிக் 52 வரிசைச் சிப்பில் ஒரு பக்கம் 10,000 தடவை அழிப்பதற்குத்தான் உத்தரவாதம். அதே சிப்பில் ஒரு பக்கத்தை அழிக்கச் சுமார் 85 மில்லிவிநாடி ஆகும். ஃபிளாஷிலிருந்து நிரல் ஓடினால் அதுவரை சி.பி.யூ. நின்றுவிடும். அந்த நேரம் ரேடியோவுக்கு வேலை வந்தால் தவறிப்போகும். ஆகவே ஸ்டேக்கிடம் நேரம் கேட்டு வாங்கித்தான் எழுதவேண்டும். பக்கத்தைப் பல பகுதியாக்கி, நிரம்பிய பிறகே அழியுங்கள். பொதுவாகவே பைனரியாக வரும் ஸ்டேக்கை வாங்குவதற்கு முன் மூன்று கேள்வி கேளுங்கள்: எந்தெந்த டைமரை அது பிடித்துக்கொள்கிறது, எந்த இன்டர்ரப்ட் (சி.பி.யூ.வுக்கு வரும் அவசர அழைப்பு) முன்னுரிமையைத் தொடக்கூடாது, எந்தக் கடிகாரத்தை நம்பி ஓடுகிறது. எழுத்தில் வாங்குங்கள். போனில் சொன்னால் நம்பாதீர்கள்.

பர்கூர்_மாணவன்

அண்ணன்களே, என்னுடையது சின்னது. இறுதியாண்டு புராஜெக்ட். லோரா மாட்யூல் அனுப்புகிறது, கேட்வே காதில் விழவில்லை. மேசைக்கு மேசை இரண்டடி தூரம்தான். கடைசியில் ஒரு சீனியர் யு.எஸ்.பி. ரேடியோ டாங்கிளைச் செருகித் திரையில் காட்டினார்: 868.1 மெகாஹெர்ட்ஸில் ஊசி மாதிரி எழுந்து எழுந்து விழுகிறது. நம் நாட்டு லோராவேன் 865.0625-இல் தொடங்குகிறது. விற்றவர்கள் ஐரோப்பிய மண்டலத்துக்கு கம்பைல் செய்த ஸ்டேக்கை அப்படியே ஏற்றி அனுப்பியிருந்தார்கள். பெட்டியின் மேல் மட்டும் "இந்தியா" என்று ஸ்டிக்கர்.

ஓசூர்_பலகை

அனலாக் அண்ணா, ஆன்டெனா நனைந்தால் சிக்னல் அளவு இறங்கவேண்டும். இறங்கவில்லை என்றுதானே முதலிலேயே எழுதினேன்?

நேற்று மீன் கடையில் ஐஸ் வாங்கி, பாலித்தீன் பையில் இறுகக் கட்டி, உலர்ந்த கருவியின் மேல் வைத்தோம். ஃபாகர் ஓடவில்லை, இலையில் ஒரு சொட்டு ஈரமில்லை. சற்று நேரத்தில் அதே 0x08. மேல்மூடியைக் கழற்றினால், தூங்கும்போது நேரம் காக்கும் 32.768 கிலோஹெர்ட்ஸ் கிரிஸ்டல் இருக்கவேண்டிய இடத்தில் வெறும் ஈயப்பூச்சு. ஆளே இல்லை! செலவைக் குறைக்க எடுத்துவிட்டு, சிப்புக்குள் இருக்கும், குளிருக்குப் பிசகும் ஆர்.சி. ஆஸிலேட்டரில் ஓட்டியிருக்கிறார்கள். ஸ்டேக்கிலோ கடிகாரம் எவ்வளவு பிசகலாம் என்ற கணக்கு பழைய 20 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 20 பங்கு) என்று அப்படியே இருக்கிறது. 4 விநாடித் தூக்கத்துக்கு 20 பி.பி.எம். என்றால் 80 மைக்ரோவிநாடிதான் பிசகலாம். குளிர்ந்த ஆர்.சி. 500 பி.பி.எம். பிசகினால் 2 மில்லிவிநாடி. கருவி கண் விழிக்கும்போது மறுமுனை பேசி முடித்திருக்கும். ஃபாகர் செய்தது நனைத்தது அல்ல, சட்டென்று குளிர்வித்தது.

இடைவெளியைக் குறைத்தால் தொடர்பு நிலைக்கிறது, பேட்டரி நிலைக்கவில்லை. 20 என்ற எண்ணை மாற்ற வழியில்லை, பைனரிக்குள் இருக்கிறது. மாட்யூல் கொடுத்தவர்களுக்குப் படத்தோடு கடிதம் போட்டிருக்கிறேன்.

அனலாக்_அண்ணன்

சரி, ஐஸை ஒத்துக்கொள்கிறேன். மாந்தோப்பு ஈரம்தான், அதில் மாற்றமில்லை.

பதிலுக்குக் காத்திருக்காமல் காலி இடத்தில் கிரிஸ்டலை வைத்துப் பாருங்கள். ஆனால் அது மட்டும் போதாது, இரண்டு பக்கமும் அதைச் சரியான அதிர்வெண்ணில் நிறுத்தும் லோடு கெப்பாசிட்டர் வேண்டும். மதிப்பைக் கிரிஸ்டலின் டேட்டாஷீட்டில் பார்த்துப் போடுங்கள். அப்படியே வைத்தாலும் ஸ்டேக் அதைத் தேடுமா, ஆர்.சி.யையே பிடித்துக்கொண்டிருக்குமா என்பதையும் அவர்களிடமே இன்னொரு கடிதத்தில் கேட்டுவிடுங்கள்.