கவுன்சிலிங்கை ரூமை விட்டு கடற்கரைக்குக் கொண்டு போகலாமா? (திருகோணமலை)

நிலாவெளி ரோட்:
வணக்கம். நான் டவுன்ல ஏஎல் சோதனைக்குப் படிக்கிற பிள்ளையளுக்கும் வேலை தேடுற இளசுகளுக்கும் கவுன்சிலிங், கோச்சிங் ரெண்டும் செய்யுறன். ரூம் எண்டு பேர்தான், ஒஃபிஸுக்குப் பின்னால பலகை அடிச்சு மறிச்ச இடம், ஃபேனைப் போட்டா பிள்ளை கதைக்கிறது எனக்குக் கேக்காது, நிப்பாட்டினா பக்கத்து மேசைக்கே கேக்கும். "ஓம் மிஸ், இல்லை மிஸ்" எண்டதோட முடிஞ்சிடும். பேந்து பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் கூட நடந்து போகேக்க அதே பிள்ளை கொட்டித் தீர்க்குது. டச் பேயிலயோ உப்புவெளியிலயோ நடந்துகொண்டே செய்தா என்ன? ஆராவது செய்து பாத்தனீங்களா?

ஓர்ஸ்ஹில் அக்கா:
தாராளமாச் செய்யலாம் தங்கச்சி. 1910லயே மனநல வைத்தியர் சிக்மண்ட் ஃப்ராய்ட் மாலர் எண்ட இசைக்காரரை நெதர்லாந்து லைடன் நகரத் தெருவெல்லாம் மணிக்கணக்கா நடந்துதான் கேட்டவர். பக்கத்துப் பக்கத்தில நடக்கேக்க முகத்தைப் பாக்க வேண்டிய கூச்சம் இல்லை, இடையில பேசாம வந்தாலும் உறுத்தாது. ஆனா அலைக்குக் கிட்ட நடக்காதீங்க, சத்தத்துக்கு மேல கத்தவேண்டி வரும், கத்தினா போறவன் வாறவனுக்கெல்லாம் கேக்கும். கொஞ்சம் மேல, தென்னை நிழல் பக்கம் போங்க. நம்மட கரை கிழக்குப் பாத்தது, காலமை கொஞ்சம் பிந்தினாலே வெயில் மூஞ்சியில அடிக்கும். கரைவலை இழுக்கிற நேரமெண்டா அந்தப் பக்கமே போகாதீங்க, ஊரே அங்கதான் நிக்கும்.

சல்லிப் பெடியன்:
அக்கா சொன்னது சரி, ஆனா இது ட்ரிங்கோ, கொழும்பு இல்லை. ஒரு பொம்பிளைப் பிள்ளை ஆரோடயோ கடற்கரையில நடந்தா பின்னேரத்துக்குள்ள வீட்டுக்குக் கதை போயிடும், கூட வாறது பொம்பிளையா இருந்தாலும் "அந்த மிஸ்ஸோட ஏன் திரியிறாய், உனக்கென்ன வருத்தம்" எண்டு கேப்பினம். அதால தெரிஞ்ச ஆள் எதிர்ப்பட்டா என்ன சொல்றது, நிண்டு கதைக்கிறதா கதைக்காம போறதா எண்டு முதலே ரெண்டு பேரும் பேசி வைங்க. பதினெட்டு ஆகாத பிள்ளையெண்டா வீட்டுக்காரரிட்டயும் கேட்டுப்போட்டுத்தான். கோணேஸ்வரம் பக்கம் மானும் காத்தும் நல்லாத்தான் இருக்கும், ஆனா அங்க ஓயாம சனம்.

மூதூர் வாசகி:
எல்லாரும் கடலைக் கண்டா மனசு லேசாகும் எண்டு நினைக்கிறீங்க. 2004 சுனாமியில ஆளைப் பறிகுடுத்த வீட்டுக்கு அந்த அலைச் சத்தமே போதும். கோணேஸ்வரம் போற வழியில கோட்டைக்குள்ள ஆமி நிக்குது, காணாமல் போன ஆளைத் தேடுற அம்மாவை அந்த வாசலால கூட்டிக்கொண்டு போவீங்களா? இடத்தை நீங்க தெரிவு செய்யாதீங்க, வாறவையிட்டக் கேளுங்க. "வெளியில போவமா" எண்டு கேக்கேக்க "வேண்டாம்" எண்டு சொல்ற மாதிரியும் கேக்கோணும், எங்கட பிள்ளையள் மிஸ்ஸுக்கு மறுப்புச் சொல்லாதுகள். இன்னொண்டு, சாகோணும் போல இருக்கு எண்டு சொல்ற ஆளை இராவணன் வெட்டு எண்ட மலை விளிம்புப் பக்கமோ தண்ணிப் பக்கமோ கூட்டிக்கொண்டு போகவே கூடாது. உள்ளுக்கு இருத்திக் கதைச்சு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குச் சேர்க்கோணும், ராவெண்டாலும் 1926 எண்ட மனநல உதவி லைனுக்கு கோல் எடுக்கலாம்.

நிலாவெளி ரோட்:
நன்றி எல்லாருக்கும். சுனாமி விசயம் எனக்கு ஓடவே இல்லை, என்னட்ட வாற ஒரு பிள்ளை பஸ்ஸில எப்பவும் கடல் தெரியாத பக்கமா இருக்கிறது இப்பதான் விளங்குது. கோச்சிங் பிள்ளையளோட முதல் தொடங்கிறன், சீவி எழுதுறது, இன்டர்வியூ பயம் எல்லாம் நடந்துகொண்டே கதைக்கலாம்தானே. ஐப்பசி கார்த்திகை மழைக்கு என்ன செய்யிறீங்க?

ஓர்ஸ்ஹில் அக்கா:
மழைக்கு ரூம்தான், வேற வழியில்லை. ஆனா பலகைக்கு அங்கால இருக்கிற மேசைக்காரரை அந்த நேரம் டீ குடிக்க அனுப்பிவிடுங்க.