சிவப்புப் புள்ளி வந்துவிட்டது, அடுத்து என்ன எழுதுவது?

கேள்வி:
குற்றத் தரவுப் பகுப்பாய்வு கற்க ஆரம்பித்து மூன்று மாதம் ஆகிறது. பயிற்சிக்குக் கொடுத்த பைக் திருட்டுகளை வரைபடத்தில் போட்டேன், திருட்டு அதிகம் என்று ரயில் நிலைய வண்டி நிறுத்துமிடம் அப்படியே சிவந்துவிட்டது. சரி, அப்புறம்? ‘ரோந்தை அதிகப்படுத்தலாம்’ என்பதைத் தாண்டி ஒன்றும் எழுத வரவில்லை. குற்றவியலில் படித்த கோட்பாடுகளை வேலையில் யாராவது உண்மையிலேயே பயன்படுத்துகிறீர்களா?

பதில் 1:
தினமும். எங்கே என்பதை வரைபடம் காட்டும், ஏன் என்று நீங்கள்தான் கேட்க வேண்டும். கோஹன், ஃபெல்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1979-ல் சொன்னது இதற்கு நேராகப் பொருந்தும்: திருடத் துணிந்தவன், கைக்கு எட்டும் பொருள், தடுக்க ஆளில்லாத நிலை, இந்த மூன்றும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் கூடினால்தான் குற்றம் நடக்கும். அதனால் எந்த வரிசையில் வண்டி போனது, என்ன பூட்டு, காவலாளி எப்போது மாறுகிறார் என்று தேடுங்கள். நான் பார்த்த ஒரு நிறுத்துமிடத்தில் பெரும்பாலும் பின்வரிசை வண்டிகள்தான் போயின. அங்கே வேலியில் ஒரு ஆள் நுழையும் அளவுக்கு ஓட்டை, சீட்டு கொடுப்பவர் உட்காரும் இடத்திலிருந்து அது தெரியவே தெரியாது. அந்த ஓட்டையை அடைக்க ரோந்து எதற்கு?

பதில் 2:
அதற்கு முன்னால் நேரத்தைச் சரிபாருங்கள், இதில் நிறைய பேர் தவறுகிறார்கள். காலை 8 மணிக்கு வண்டியை விட்டவர் மாலை 6 மணிக்கு வந்து பார்த்துப் புகார் கொடுக்கிறார், பதிவில் 6 மணி என்று ஏறிவிடுகிறது. அதை நம்பினால் திருட்டெல்லாம் மாலையில் நடப்பதாகத் தோன்றும், ரோந்தும் எல்லாம் முடிந்த பிறகு போய் நிற்கும். ஒரு திருட்டை அந்த 10 மணி நேரத்தில் ஒவ்வொரு மணிக்கும் பத்தில் ஒரு பங்காகப் பிரித்துப் போட்டு, எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள், படமே மாறும்.

பதில் 3:
ரோந்தை அப்படி ஒதுக்கிவிட முடியாது, எப்படிப்பட்ட ரோந்து என்பதுதான் விஷயம். 1972-73-ல் அமெரிக்காவின் கான்சாஸ் நகரத்தில் வழக்கமான ரோந்தைக் கூட்டியும் குறைத்தும் பார்த்தார்கள், குற்றத்தில் குறிப்பிடும்படி மாற்றமில்லை. ஆனால் அங்கேயே இன்னொரு நகரமான மினியாபொலிஸில் நடந்த ஆய்வில் (1989) காவல்துறைக்கு வந்த அழைப்புகளில் பாதி, சுமார் 3 சதவீத இடங்களிலிருந்தே வந்திருந்தன. அந்த மாதிரி இடங்களில் 10 முதல் 15 நிமிடம் நின்றுவிட்டு நகர்வதுதான் பலன் தருகிறது என்று பின்னால் கோப்பர் என்ற ஆய்வாளர் காட்டினார். அப்புறம், உங்கள் அறிக்கையைப் படிக்கப்போகிறவர் எந்த முறையில் வேலை செய்கிறார் என்று கேட்டுக்கொள்ளுங்கள். குற்ற எண்ணிக்கையை அடிக்கடி பார்த்து அதிகாரிகளிடம் கணக்குக் கேட்கும் காம்ப்ஸ்டாட் வழியில் போகிறவருக்கு இந்த வார எண்ணிக்கை வேண்டும், குற்றத்துக்குப் பின்னால் இருக்கும் காரணத்தைத் தேடித் தீர்க்கச் சொல்லும், ஆய்வாளர் கோல்ட்ஸ்டீனின் பிரச்சினை மையக் காவல் முறைக்காரருக்கு அந்த வேலி ஓட்டைதான் வேண்டும். கைது எண்ணிக்கையை மட்டும் வைத்து வரைபடம் போடாதீர்கள், தயவுசெய்து. போலீஸ் எங்கே போனது என்பதைத்தான் அது காட்டும், திரும்பவும் அங்கேயே அனுப்பும்.

கேள்வி கேட்டவர்:
எல்லோருக்கும் நன்றி. வண்டி விட்ட நேரம், தெரியவந்த நேரம் இரண்டுமே தரவில் இருக்கின்றன, நான் இரண்டாவதை மட்டும் எடுத்திருக்கிறேன். பிரித்துப் போட்டுவிட்டு வருகிறேன். வரிசை எண் மட்டும் இல்லை, அதை நேரில் போய்த்தான் பார்க்க வேண்டுமா?

பதில் 1:
ஆமாம், ஒருமுறை பகலில், ஒருமுறை கடைசி ரயில் போன பிறகு.