வறுமை 2.20 சதவீதம் என்றால் படிப்பு சரியாகிவிட்டதா?

மேலூர்க்காரன்:
வறுமையைப் பணத்தால் மட்டும் பார்க்காமல் உடல்நலம், கல்வி, வாழ்க்கைத் தரம் என்று அளப்பது பன்முக வறுமைக் குறியீடு. மத்திய அரசின் நிதி ஆயோக் 2023-இல் வெளியிட்ட அந்தக் குறியீட்டில் தமிழ்நாட்டில் ஏழைகள் வெறும் 2.20 சதவீதம். நல்ல எண்தான். ஆனால் அதில் கல்வியை எப்படி அளக்கிறார்கள் என்று யாராவது பார்த்தீர்களா? வீட்டில் பத்து வயது தாண்டிய ஒருவராவது ஆறு வருடம் படித்திருக்க வேண்டும். எட்டாம் வகுப்பு வரைக்குமான வயதில் உள்ள பிள்ளை பள்ளிக்கூடம் போக வேண்டும். அவ்வளவுதான்.

எங்கள் தெருவில் ஒரு வீடு. அண்ணன் பத்தாவது முடித்துவிட்டு டிராக்டர் ஓட்டுகிறான். தங்கை ஐந்தாம் வகுப்பு, ரேஷன் கடைப் பலகையை இன்னும் எழுத்துக் கூட்டித்தான் படிக்கிறாள். "ப...ரு...ப்பு" என்று முடிப்பதற்குள் வரிசை நகர்ந்துவிடும். குறியீட்டுக் கணக்கில் இந்த வீட்டுக்குக் கல்வியில் ஒரு குறையும் இல்லை!

உசிலை பொன்னி:
அண்ணே, வறுமையை அளக்க வந்த குறியீட்டிடம் வாசிப்பைக் கேட்டால் எப்படி? பிள்ளை பள்ளிக்கு வருவதே பெரிய காரியமாக இருந்த ஊர்க்காரி நான். என் அம்மாவோடு பிறந்த பெண்களில் ஒருவரும் ஆறாம் வகுப்பு தாண்டவில்லை.

காலை உணவுத் திட்டத்தை 2022 செப்டம்பர் 15 அன்று நம் மதுரையில்தான் தொடங்கினார்கள். நான் சுய உதவிக் குழுவில் இருக்கிறேன், சமையல் எங்கள் வேலை. முன்பெல்லாம் முதல் பீரியடிலேயே பெஞ்சில் தலை சாய்க்கிற பிள்ளைகள் இருந்தார்கள். இப்போது புதன்கிழமை என்றால் பொங்கலுக்கு முன்கூட்டியே வந்து தட்டோடு நிற்கிறார்கள். இது வாழ்க்கைத் தரம் இல்லையா?

மேலூர்க்காரன்:
சாப்பாட்டை யார் குறை சொன்னது, தங்கச்சி? சாப்பிட்ட பிறகு வகுப்பில் என்ன நடக்கிறது என்பதுதான் என் கேள்வி. பிள்ளைகளை வீட்டிலேயே வாசிக்க வைத்துப் பார்க்கிற 2022 அசர் (ASER) ஆய்வில், தமிழ்நாட்டுக் கிராமங்களில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் நூற்றுக்கு ஐந்து பேர்கூட இரண்டாம் வகுப்புப் பாடத்தைச் சரளமாக வாசிக்கவில்லை.

திருமங்கலம் வாத்தியார் (ஓய்வு):
தம்பி, அந்த எண்ணை எல்லாரும் தூக்கிக்கொண்டு வருகிறீர்கள். அந்தப் பிள்ளைகள் யார்? கொரோனாவில் ஒன்றாம் வகுப்பில் பெயர் மட்டும் சேர்ந்தவர்கள். 2020 மார்ச்சில் பூட்டிய தொடக்கப் பள்ளி 2021 நவம்பர் 1-ஆம் தேதிதான் திறந்தது. 'அ' எழுதப் பழக வேண்டிய காலம் முழுக்க வீட்டில். அதை ஒட்டித்தான் தன்னார்வலர்கள் மாலையில் சொல்லிக்கொடுக்கும் இல்லம் தேடிக் கல்வியும், பிறகு சின்ன வகுப்புகளுக்கான எண்ணும் எழுத்தும் திட்டமும் வந்தன. ஆழ்துளைக் கிணறு தோண்டிய மறுநாளே தண்ணீர் எங்கே என்று கேட்கிறீர்கள்.

இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். 2021-22 அகில இந்திய உயர்கல்வி ஆய்வில் மொத்தச் சேர்க்கை விகிதம், அதாவது காலேஜ் வயதில் உள்ள நூறு பேருக்கு எத்தனை பேர் காலேஜில் சேர்ந்திருக்கிறார்கள் என்ற கணக்கு, இந்தியாவுக்கு 28.4, நமக்கு 47.

மேலூர்க்காரன்:
ஐயா, கொரோனாவுக்கு முன்னால் 2018-இலும் அந்த வாசிப்பு எண் சுமார் பத்துதான். 47 என்பது காலேஜ் வாசலைத் தாண்டியவர்களின் கணக்கு. முதல் செமஸ்டரில் ஐந்து அரியர் வைத்துக்கொண்டு பேக்கரியில் நிற்கிற பையனும் அதில் உண்டு.

உசிலை பொன்னி:
அரியர் வைக்கவாவது காலேஜ் போனான். அவன் அக்காவுக்கு அதுவும் இல்லை. அரசுப் பள்ளியில் படித்துக் காலேஜ் போகும் பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் வருவதால்தான் எங்கள் பக்கத்தில் சில கல்யாணப் பேச்சுகள் தள்ளிப் போயிருக்கின்றன.

மேலூர்க்காரன்:
சரி, அதை ஒத்துக்கொள்கிறேன். அப்படியானால் ஒன்று செய்யலாம். மாநிலத் திட்டக் குழுவே 2025 பிப்ரவரியில் 3, 5, 8-ஆம் வகுப்புகளுக்குக் கற்றல் அடைவு ஆய்வு நடத்தியது. மதுரை மாவட்டம் என்று ஒரே எண்ணாகச் சொன்னால் நகரத்துக் கே.கே. நகரும் கிராமத்துச் சேடப்பட்டியும் ஒன்றாகிவிடும். பள்ளி வாரியாக எடுத்துப் பள்ளிக்கூடச் சுவரில் ஒட்டட்டும். பெற்றோர் பார்க்கட்டும்.

திருமங்கலம் வாத்தியார் (ஓய்வு):
ஒட்டினால் என்ன நடக்கும் தெரியுமா? மார்க் குறைந்த பள்ளியில் அடுத்த ஜூனில் சேர்க்கை விழும். ஈராசிரியர் பள்ளியில் ஒரு பணியிடம் போகும். மிச்சமிருக்கிற ஆசிரியர் ஐந்து வகுப்பையும் ஒரே அறையில் உட்கார வைப்பார். மெட்ரிக் வேன் ஊருக்குள் வந்து நிற்கும்.

மேலூர்க்காரன்:
வேன் இப்போதே வந்துதான் நிற்கிறது ஐயா, தினமும் காலையில். சுவரில் ஒன்றும் ஒட்டாமலே.

உசிலை பொன்னி:
வேன் ஃபீஸ் கட்ட முடியாத பிள்ளைகள்தான் எங்கள் பொங்கலுக்கு நிற்கிறார்கள், அண்ணே. எண்ணை ஒட்டுவதாக இருந்தால், அந்தப் பள்ளியில் எத்தனை வாத்தியார் இடம் காலி என்பதையும் பக்கத்திலேயே ஒட்டச் சொல்லுங்கள்.